ஏழுக்கு வந்த குழப்பம்

திருச்சி பாலக்கரையில் ஒரு மாடி வீட்டு மேசைமேல் ஒரு சமயம் ஒன்றிலிருந்து பத்து வரை எல்லா எண்களும் குடித்தனம் நடத்திவந்தன. வட்ட வட்டமான ஸ்டிக்கர்களாக ஒரே தாளில் வரிசைகட்டி இருந்தன. மேசைக்குச் சொந்தக்காரி மெர்லின். வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்து, எது தேவலை, எது தேறாது என்று ஓர் இணையப் பத்திரிகையில் வாராவாரம் எழுதுவது அவள் வேலை. இதுவும் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். அவளுடைய அம்மா பத்து வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மெர்லினுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுத உட்காரும் முன்னால் ஒவ்வொரு கேம் பெட்டிமேலும் ஓர் எண்ணை ஒட்டிவிடுவாள். பத்துக்கு எத்தனை என்பது அப்போதே முடிவாகிவிடும். காரணங்கள் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்துகொள்ளும்.

தாளில் சீக்கிரம் தீர்ந்துபோவது ஏழுதான். இந்தக் கதை நடந்த சனிக்கிழமை காலையில் ஒரே ஓர் ஏழு பாக்கி இருந்தது. அது கொஞ்சம் பயந்த சுபாவம். பயத்துக்குக் காரணமும் இருந்தது. போன மாதம் அதன் கூடப்பிறந்த இன்னொரு ஏழை மெர்லின் ஒரு கார் பந்தய கேமின்மேல் ஒட்டினாள். கட்டுரை வெளிவந்ததும் படித்தவர்களில் பாதிப்பேர், "ஏழா? இந்தக் குப்பைக்கு மூணே ஜாஸ்தி" என்று கத்தினார்கள். மீதிப்பேர், "ஏழா? ஒன்பதுகூட இல்லையா, உனக்குக் கண் இருக்கா?" என்று கத்தினார்கள். மெர்லின் அரண்டுபோய் அந்த ஏழை உரித்தெடுத்தாள். பசையில் தலைமுடியும் தூசியும் அப்பி, சுருண்டு, அது குப்பைக்கூடையில் மூன்று நாள் கிடந்ததை இந்த ஏழு தாளிலிருந்தபடியே பார்த்தது.

ஒரு ஸ்டிக்கருக்கு ஒரு தடவைதான் ஒட்ட முடியும். அந்த ஒரு தடவையும் தப்பான இடத்தில் போய்விட்டால் என்ன செய்வது? இதுதான் ஏழின் கவலை.

அன்றைக்கு மேசைமேல் ஐந்து பெட்டிகள் இருந்தன. அவற்றில் நான்கு பெட்டிகளுக்கு எண் ஒட்டியாகிவிட்டது. 'எல்லைப் புலி, பாகம் நான்கு' என்ற சண்டை கேமுக்கு எட்டு. 'பூட்டிய வார்டு' என்ற பேய் கேமுக்கு ஒன்பது. 'மாமரத் தோட்டம்' என்ற விவசாய கேமுக்கு ஆறு. 'டவுன் பஸ்' என்ற பஸ் ஓட்டும் கேமுக்கு நான்கு. பாக்கி இருந்தது 'ஆயிரம் தீவு'. அட்டையெல்லாம் தங்க முலாம், உள்ளே கடல் கடலாகப் படம். மெர்லின் அதைக் கையில் எடுத்து, தாளைப் பார்த்து, "உனக்கு ஏழு" என்றாள். ஏழின் ஓரத்தில் நகத்தை வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் தபதபவென்று தெருவில் கொட்டியது. "ஐயோ மோட்டாரு!" என்று கத்திக்கொண்டே மெர்லின் கீழே ஓடினாள். பக்கத்து வீட்டுக்காரி கீழேதான் நின்றிருந்தாள் என்பது அவள் போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்கு மெர்லின் வரப்போவதில்லை.

ஓரம் கிளம்பிய ஏழு, அக்கம்பக்கம் பார்த்தது. "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நான்னா என்ன அர்த்தம்? யாராவது சொல்லுங்களேன்" என்றது.

"நீயா?" என்று தாளின் உச்சியிலிருந்து பத்து கேட்டது. அது இதுவரை ஒரு தடவைகூட வெளியே போனதில்லை. அதனாலேயே அதற்கு ஏக மிடுக்கு. "நீன்னா, 'நல்லாத்தான் இருக்கு, அதுக்கு மேல என்னைக் கேக்காதே'ன்னு அர்த்தம்."

"அதெல்லாம் இல்ல" என்று அடிவரிசையிலிருந்து ஒன்று குரல் கொடுத்தது. "இந்த வீட்டுல எனக்கும் ரெண்டுக்கும் மூணுக்கும் வேலையே கெடையாது. யாரு மனசையும் நோகடிக்கக் கூடாதுன்னு எங்களை எடுக்கவே மாட்டா. அப்ப கணக்கு நாலுலதானே ஆரம்பிக்குது? நாலுக்கும் பத்துக்கும் நட்டநடு நீதான். உன்னை ஒட்டினா அவளுக்கு ஒண்ணும் தோணலைன்னு அர்த்தம்."

ஏழுக்கு முகம் விழுந்துவிட்டது. ஏற்கெனவே ஒட்டப்பட்டவர்களைக் கேட்டால் தெரியும் என்று எல்லைப் புலியின்மேல் இருந்த எட்டைப் பார்த்தது.

"எட்டண்ணே, உங்களை ஏன் அங்க ஒட்டினா?"

"பரம்பரை மரியாதைதான், வேறென்ன?" என்றது எட்டு. "மூணாம் பாகத்துக்கும் எட்டு, ரெண்டாம் பாகத்துக்கும் எட்டு. நாலாம் பாகத்துக்கு மட்டும் கொறைச்சா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க. பதில் சொல்லணும். அதுக்கு என்னை ஒட்டறது சுலபம்."

"நான் நல்லா இருக்கேனா இல்லையா?" என்று எல்லைப் புலி அதட்டியது. துப்பாக்கிச் சத்தத்திலேயே வளர்ந்த கேம், அதற்கு மெதுவாகப் பேச வராது.

"அது யாருக்குத் தெரியும்!" என்றது எட்டு.

பூட்டிய வார்டின்மேல் இருந்த ஒன்பது கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னது: "இந்த கேமை அவ அரை மணி நேரம்தான் ஆடினா. ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒரு சக்கர நாற்காலி தானா நகர்ந்துது. அவ்ளோதான், ஆட்டத்தை நிறுத்திட்டு லைட்டெல்லாம் போட்டுட்டா. அப்புறம் இந்தப் பெட்டியத் தொடவே இல்ல. ஆனா பயந்தது நெசம்தானே? அதுக்குத்தான் ஒம்போது."

மாமரத் தோட்டத்தின்மேல் இருந்த ஆறு கொட்டாவி விட்டது. "இங்க குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. கன்னு நட்டா, தண்ணி ஊத்தினா, தூங்கிப்போயிட்டா. முழிச்சு எழுந்து, 'மனசுக்கு நிம்மதி'ன்னு எழுதிட்டு என்னை ஒட்டினா."

"நிம்மதிக்கு ஆறுதானா?"

"எனக்கும் அதான் புரியல. நீயே யாரையாவது கேட்டுச் சொல்லு."

ஏழுக்குத் தலை சுற்றியது. பயந்து ஓடினால் ஒன்பது, நிம்மதியாகத் தூங்கினால் ஆறு, ஒன்றும் தோன்றாவிட்டால் ஏழா? இதில் எந்த நியாயம் எந்தப் பக்கம் என்று அதற்குப் பிடிபடவில்லை. கடைசியில் குறிப்பு நோட்டின்மேல் சாய்ந்திருந்த பேனாவைக் கூப்பிட்டது. படித்தவர் அவர் ஒருவர்தான்.

"பேனா சார், இதுக்கு ஏதாவது முறை உண்டா?"

"முறை இல்லாமலா?" என்று பேனா நிமிர்ந்து உட்கார்ந்தது. "படம், சத்தம், கதை, கைக்கு அடங்குதா இல்லையா. இப்படி நாலு கட்டம். ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு இவ்வளவுன்னு போடுவா. கூட்டி நாலால வகுத்தா நம்பர் வந்துடும். சுத்தமான கணக்கு."

ஏழுக்கு உயிர் வந்தது. "அப்ப கணக்குப் போட்டுத்தான் ஒட்டறாளா?"

"கணக்குப் போடுவா" என்றது பேனா. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதல்ல நம்பரை ஒட்டிடுவா. அப்புறம் அந்த நம்பர் வர மாதிரி கட்டத்தை நிரப்புவா. சில நாள் கதையில ஒண்ணு ஏத்தி, சத்தத்துல ஒண்ணு எறக்குவா. ஆனா வகுத்துப் பாத்தா என்னிக்கும் சரியா வரும்" என்றது.

"சரி, அவ எழுதினதையாவது படிச்சுக் காட்டுங்க."

பேனா நோட்டைப் புரட்டியது. "ஆயிரம் தீவு: ஒளி அழகு. கடல் அழகு. இசை அழகு. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? டவுன் பஸ்ஸுக்கு?"

"அதுக்கு ஒண்ணரைப் பக்கம். கேட்டுக்கோ. கண்டக்டருக்குத் தலை இல்லை. தலையில்லாமலேயே டிக்கெட் கிழிக்கிறார். பஸ் சில நேரம் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது. மழை பஸ்ஸுக்கு உள்ளே பெய்கிறது, வெளியே பெய்யவில்லை. பயணிகள் படியில் மாட்டிக்கொள்கிறார்கள். மார்க்கெட் ஸ்டாப்பில் மாடு வானத்தில் நிற்கிறது. இன்னும் இருக்கு. நானே களைச்சுப்போயிட்டேன்."

"அப்ப அதுக்கு நாலுங்கறது ரொம்ப நியாயம்" என்றது ஏழு. ஒரு விஷயமாவது தெளிந்ததே என்று அதற்கு நிம்மதி.

அதுவரை மேசை ஓரத்தில் வாயை மூடிக்கொண்டு கிடந்த கன்ட்ரோலர் சிரித்துவிட்டது. மெர்லின் இரண்டு கையாலும் பிடித்து விளையாடுகிற அந்தக் கன்ட்ரோலர்தான். பழசு, இடதுபக்கக் குமிழ் ஆடும், வாயும் கொஞ்சம் ஆடும்.

"என்னக்கா சிரிக்கிறீங்க?"

"என் மூஞ்சியப் பாத்து ஒண்ணு சொல்லு. நாலு பட்டன்ல ரெண்டு புதுசா இருக்கு. ரெண்டு மொழுமொழுன்னு தேஞ்சு, மேல இருந்த குறியெல்லாம் அழிஞ்சுபோச்சு. அது எந்த ரெண்டு தெரியுமா?"

"சுடறதா? குதிக்கறதா?"

"ஹாரனும் கதவும்" என்றது கன்ட்ரோலர். "ஹாரன், கதவு ரெண்டும் எந்த கேம்ல இருக்கு? டவுன் பஸ்லதான். தெனம் காலையில காப்பியோட வந்து உக்காருவா. ஆபீசுக்கு எழுத வேண்டியது அப்படியே கெடக்கும். ஒரு ட்ரிப்பு, இன்னொரு ட்ரிப்புன்னு ஓட்டுவா. உங்க ஆயிரம் தீவுக்காக அவ என்னைத் தூக்கினது ரெண்டு நாள்தான்."

மேசையில் எல்லோரும் சட்டென்று டவுன் பஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். மலிவான அட்டை, மங்கிப்போன சிவப்பு மை. அதன்மேல் நான்கு உட்கார்ந்திருந்தது.

"நெசமா?" என்று ஏழு கேட்டது.

டவுன் பஸ் கூனிக் குறுகிப்போயிற்று. "என்னைப் பத்தி எழுதினது ஒவ்வொண்ணும் உண்மைங்க. கண்டக்டருக்குத் தலை இல்லதான். செஞ்சவங்க கொடவுன்ல ஒரு மூலையில உக்காந்து மூணே பேரா செஞ்சாங்க. தலைக்கு வரும்போது நேரமாயிடுச்சு."

"அப்புறம் எதுக்கு தெனம் வரா?"

"எனக்கும் தெரியலைங்க. மார்க்கெட் ஸ்டாப்ல கூடை வெச்ச ஒரு அம்மா ஏறும். ஏறும்போது கூடை கதவுல மாட்டிக்கும், அது என் கோளாறு. உள்ளயும் போகாது, வெளியயும் வராது. விட்டுட்டுப் போனா பாயிண்ட் ஒண்ணும் கொறையாது, எத்தனையோ பேரு அப்படியே இழுத்துக்கிட்டுப் போறாங்க. இவ மட்டும் கதவைத் தொறந்து மூடி, தொறந்து மூடி, அந்தம்மா உள்ள வந்தப்புறம்தான் வண்டிய எடுப்பா. சில நாள் பத்து நிமிஷம்கூட ஆயிடும்."

"பயணிகள் படியில் மாட்டிக்கொள்கிறார்கள்" என்று பேனா முணுமுணுத்தது. "அதை நான் குறைன்னு எழுதியிருக்கேனே."

"குறைதானுங்களே" என்றது டவுன் பஸ்.

இப்போது நான்கு மெல்லச் சொன்னது: "என்னை ஒட்டினப்ப அவ பெட்டிய ஒரு தடவை தடவிக்குடுத்தா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. திட்டு வாங்கிக் குடுக்க வந்த எடத்துல எதுக்குத் தடவல்?"

ஏழு இப்போது முன்னைவிட மோசமாகக் குழம்பிப்போயிற்று. பேனா சொல்வது கருத்தா, பட்டன் தேய்ந்தது கருத்தா? இரண்டும் ஒரே ஆளுடையதுதானே? அப்படியென்றால் தான் போகவேண்டிய இடம் டவுன் பஸ்ஸா? அங்கே ஏற்கெனவே நான்கு குடியேறிவிட்டதே. ஆயிரம் தீவுக்கு ஏழு என்பது வெறும் பொய்யா? அதற்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. தங்க அட்டையைப் பார்த்துக் கேட்டது: "நீ சொல்லு. மூணு 'அழகு'க்கு நான் எதுக்கு?"

ஆயிரம் தீவு கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாகப் போயிற்று.

"அவ ஆயிரத்துல பதினாலு தீவு பாத்தா" என்றது அது. "பதினாலும் அழகுன்னு எழுதினா, தப்பில்ல. பதினஞ்சாவது தீவுல ஒரு விஷயம் இருக்கு. என்னைச் செஞ்ச ஒருத்தி அதுக்காகவே ஒரு வருஷம் தூங்கல. அதை இதுவரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தரும் பாக்கல. நீ வந்து ஒட்டினா, ஏழு வாங்கியிருக்கேன்னு யாராவது ஒருத்தர் என்னை வாங்குவாங்க. அவங்க பதினஞ்சு வரைக்கும் வரலாம். வராமலும் போகலாம்."

"அதுல என்ன இருக்கு?"

"சொன்னா நீ பத்தா ஆயிட முடியுமா? விடு."

ஏழுக்கு அழுகை வந்தது. ஒட்டினால் பார்க்காத தீவுகளுக்கு அநியாயம். ஒட்டாவிட்டால் பதினைந்தாவது தீவுக்கு யாருமே போகமாட்டார்கள். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் பிறந்தது தன் குற்றமா? யாரிடமாவது தெளிவாகக் கேட்கலாம் என்றால், இங்கே தெளிவாகப் பேசியவர் எல்லோரும் ஆளுக்கொன்று சொல்லிவிட்டார்கள், எல்லோர் சொன்னதும் உண்மை வேறு.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. எல்லோரும் கப்சிப்.

மெர்லின் துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஒரு வாளி தண்ணிக்கு ஊரையே கூட்டுது" என்று பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணிக்குக் கட்டுரை போயாக வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏழைக் கட்டைவிரலால் உரித்தெடுத்து, ஆயிரம் தீவின் தங்க அட்டைமேல் வைத்து அழுத்தினாள்.

ஏழுக்கு ஒன்றும் ஓடவில்லை. துணிந்து எதையும் முடிவு செய்தது என்று சொன்னால் அது பொய். பயத்தில் கிட்டே இருந்ததைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். கிட்டே இருந்தது அவள் கட்டைவிரல். விரல் எழுந்தபோது ஏழும் கூடவே எழுந்தது. மெர்லின் மறுபடி அழுத்தினாள், மறுபடியும் விரலோடு வந்தது.

"சனியன், பசை போயிடுச்சா? இரு, அப்புறம் பாத்துக்கறேன்" என்றாள். லேப்டாப்பைத் திறந்து ஆயிரம் தீவு என்று அடித்து, பக்கத்தில் ஏழு என்றும் அடித்துவிட்டாள். ஸ்டிக்கர் எங்கே இருந்தால் என்ன, கட்டுரைக்கு எண் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை ஏழு அவள் விரலில் இருந்தபடியே பார்த்தது. அப்படியானால் தான் எதற்கு?

அடுத்து டவுன் பஸ் என்று அடித்தாள். நான்கு என்று அடித்தாள். பிறகு லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அந்தக் கண்டக்டருக்கு இன்னும் தலை வரலையான்னு ஒரு தடவை பாத்துட்டு எழுதிடலாம்" என்று யாரோ கேட்டதுபோல் வாய்விட்டுச் சொன்னாள். "அப்டேட் ஏதாவது வந்திருந்தா? தெரியாம எழுதக் கூடாதுல்ல."

கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலில் ஏழு அப்படியே இருந்தது.

கண்டக்டருக்குத் தலை வரவில்லை. அது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. மெர்லின் ஆட்டத்தை நிறுத்தவில்லை. வண்டி கிளம்பியது, உள்ளே மழை பெய்தது, பயணிகள் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள். மார்க்கெட் ஸ்டாப்பில் கூடைக்காரம்மா படியில் கால் வைத்தார், கூடை மாட்டிக்கொண்டது. மெர்லின் கதவு பட்டனை அழுத்தினாள். விட்டாள். அழுத்தினாள். அவள் கட்டைவிரலுக்கும் பட்டனுக்கும் நடுவில் மாட்டிய ஏழு ஒவ்வொரு தடவையும் நசுங்கியது. வலித்தது, ஆனால் அந்த விரல் வேகமாக அழுத்தவில்லை என்பதையும் அது கவனித்தது.

"ஏறுங்கம்மா, அவசரமில்ல" என்று மெர்லின் திரையைப் பார்த்துச் சொன்னாள். இந்த மாதிரிக் குரலை ஏழு அந்த வீட்டில் கேட்டதே இல்லை.

போன் அடித்தது. பத்திரிகை ஆசிரியர் நவ்ஷாத். கன்ட்ரோலரை விடாமல், முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"என்னம்மா மெர்லின், எல்லாத்துக்கும் நம்பர் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார். ஆயிரம் தீவுக்கு ஏழு."

"டவுன் பஸ்?"

"நாலு."

"நாலுதானா, உறுதியா? செஞ்ச பசங்க மெயில் மேல மெயில் போடறாங்க, பாவம்."

"நாலுதான் சார். அவ்வளவு கோளாறு. யாரும் வாங்க வேணாம்னே எழுதிடறேன்."

கூடைக்காரம்மா உள்ளே போய்விட்டார். முன்னால் ஒரு சைக்கிள்காரர் நடுரோட்டில் நின்றார். மெர்லினின் விரல் பழக்க தோஷத்தில் ஹாரன் பட்டனுக்குப் போயிற்று.

"என்னம்மா, பஸ் ஹாரன் சத்தம் கேக்குது? வீட்டுலதானே இருக்கே?" என்றார் நவ்ஷாத்.

பேனா மூச்சைப் பிடித்துக்கொண்டது. பெட்டிமேலிருந்து நான்கு எட்டிப் பார்த்தது.

"இல்ல சார், வெளிய வந்தேன்" என்றாள் மெர்லின். "மதியம் அனுப்பிடறேன்."

போனை வைத்துவிட்டு அவள் மறுபடி ஹாரனை அழுத்தினாள், இந்தத் தடவை நீளமாக. சைக்கிள்காரர் ஒதுங்கிக்கொண்டார். விரலில் ஒட்டியிருந்த ஏழுக்கு, அழுத்தியது அவளா தானா என்றுகூடத் தெரியவில்லை. "எங்கடா இருக்கே?" என்று பெட்டிமேலிருந்து நான்கு கிசுகிசுத்தது.

"தெரியல" என்றது ஏழு. "ஆனா கெட்டியா ஒட்டியிருக்கேன்."